யோர்தான் குழியும் சைரன் மாமாவும்

விமானத் தாக்குதல் எச்சரிக்கை கொடுத்துச் சனங்களை ஜெபத்துக்குக் கூப்பிட்ட ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் சைரன் மாமாதான். இதை நான் விசாரித்துப் பார்க்கவில்லை. அவரே சொன்னார். அவர் சொன்ன பிறகு விசாரித்தால் கோபித்துக்கொள்வார்.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் அந்தப் பெயரில்தான் சம்பளம் கொடுத்திருப்பார்கள். ஆனால் எங்கள் சபையில் பாட்டுப் புத்தகம் தூக்கும் பிள்ளை முதல் பாஸ்டர் வரைக்கும் அவர் சைரன் மாமாதான். அவரை விட வயதில் மூத்தவர்களும் ‘மாமா’ என்றே கூப்பிட்டார்கள். அதில் அவருக்கு ஒரு சின்னப் பெருமையும் இருந்தது.

வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் நடுவே, ரயில் பாதைக்கு மேலே, தகரக் கூரை போட்ட சின்ன பாப்டிஸ்ட் சபை எங்களுடையது. மழை வந்தால் பிரசங்கம் கேட்காது. எங்கள் பக்கம் மழை வராத ஞாயிறு அபூர்வம் என்பதால், நான் வளர்ந்து வெளியூர் போய்த்தான் பிரசங்கம் என்பதை ஒழுங்காகக் கேட்டேன். ஆனால் எந்த மழையிலும் சைரன் கேட்கும். மூன்று கால் வைத்த இரும்பு ஸ்டாண்டில், கைப்பிடி வைத்த கறுத்த யந்திரம் அது. ஏற்றி இறக்கிச் சுற்றினால் ஓநாய் ஊளையிடுவதுபோல் அலறும். அது அபாய எச்சரிக்கை, ஆராதனை தொடங்கப் போகிறது என்று அர்த்தம். ஒரே வேகத்தில் சுற்றினால் நீளமாக ஒரே சுரத்தில் இழுக்கும். அது ‘அபாயம் நீங்கியது’, வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம்.

ஊரில் மற்ற எல்லாக் கோயிலிலும் மணி இருக்க, எங்களுக்கு மட்டும் ஏன் இது என்பதுதான் எங்கள் சபையின் சரித்திரம்.

இரண்டாம் உலகப் போரில் யப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டபோது, துறைமுகத்தில் வேலை பார்த்த சில தமிழ்க் குடும்பங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு மலைக்கு ரயில் ஏறின. எல்லோரும் பாப்டிஸ்டுகள். ஹட்டன் வரைக்கும் டிக்கட் எடுத்தவர்கள் வட்டவளையிலேயே இறங்கிவிட்டார்கள். ஏன் இறங்கினார்கள் என்பதற்கு மாமாவிடம் வருடத்துக்கு ஒரு கதை இருந்தது. ஒரு வருடம், ஜன்னல் வழியாக அவருடைய அப்பாவுக்கு ஒரு வெளிச்சம் தெரிந்தது. அடுத்த வருடம், அம்மாவுக்கு வாந்தி வந்தது. அதற்கடுத்த வருடம், எல்லோரும் தூங்கிப்போய், யாரோ ‘ஹட்டன்’ என்று கத்தியதை நம்பி இறங்கிவிட்டார்கள். வாந்தியைத்தான் நான் நம்புகிறேன். அந்தப் பாதையில் எனக்கும் வரும்.

மாமாவின் அப்பாவுக்குத் துறைமுகத்தில், விமானம் வந்தால் சைரன் சுற்றும் வேலை. ஓடி வரும்போது அவர் வேலையை விட்டுவிட்டார், சைரனை விடவில்லை.

“அப்பறம் கொழும்புக்காரங்களுக்குக் குண்டு போட வர்றது எப்படி மாமா தெரியும்?” என்று ஞாயிறு பள்ளியில் ஒரு தடவை கேட்டேன்.

“ஏன் புள்ள, குண்டு விழுந்தா தெரியாதா?”

வட்டவளைக்கு வந்தவர்கள் முதலில் வீடு கட்டவில்லை. கோயிலும் கட்டவில்லை. குழி தோண்டினார்கள். யப்பான்காரன் தங்களைத் தேடி மலைக்கும் வருவான் என்று அவர்களுக்கு அவ்வளவு உறுதி. நெஞ்சளவு ஆழத்தில், தோட்டத்து லயன் வீட்டின் ஒரு காம்பரா, அதாவது ஓர் அறை, நீளத்தில், ஓரம் முழுக்கக் கல் கட்டி, படி வைத்து, அருமையான பதுங்குகுழி. விமானம் வரவில்லை. மழை வந்தது. குழி நிரம்பிவிட்டது. இறைத்தார்கள், நிரம்பியது. மறுபடி இறைத்தார்கள், மறுபடி நிரம்பியது. பாப்டிஸ்டுகள் குழந்தைக்குத் தலையில் தண்ணீர் தெளிக்கிறவர்கள் இல்லை. வளர்ந்தவர்கள் தாங்களாக விரும்பி, தண்ணீரில் முழுசாக முழுகி ஞானஸ்நானம் எடுக்க வேண்டும். அதற்கு ஓர் ஆழமான இடம் வேண்டும். இறைத்து அலுத்துப்போன பெரியவர்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டு, ‘ஏசு முழுகுன ஆறு மாதிரி, இதுதான் நம்ம யோர்தான்’ என்றார்கள். அன்றைக்குத்தான் சபை தொடங்கியது என்பது மாமாவின் கணக்கு. கோயில் அந்தக் குழிக்குப் பக்கத்தில் பிறகு வந்தது.

குழியில் முழுகி ஒருவர் எழுந்திருக்கும் அந்த நொடியில் ‘அபாயம் நீங்கியது’ ஒலிக்க வேண்டும். இது மாமாவின் அப்பா ஏற்படுத்திய வழக்கம். எந்த வேத சாஸ்திரத்திலும் இல்லை. ஆனால் நரகத்துக்குப் போக இருந்த ஆள் தப்பித்துவிட்டார் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

அப்பாவுக்குப் பிறகு சைரனும் குழியும் மாமாவுக்கு வந்தன. அவர் தொழிற்சாலையில் தேயிலை காயவைக்கும் அடுப்படியில் வேலை பார்த்தவர். வாழ்நாள் முழுக்க நெருப்புக்குப் பக்கத்தில் நின்றதால் அவருக்குக் குளிர் என்றால் என்னவென்றே தெரியாது. ஞானஸ்நானம் நடக்கும் காலையில், நீள மூங்கிலில் பழைய தேயிலைச் சல்லடையைக் கட்டி, கரையில் நின்றபடியே தவளைகளை அள்ளி வெளியே போடுவார். பிறகு குடையின் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, எடுத்து, ஒரு நிமிடம் யோசித்து, “நல்ல சூடாத்தான் இருக்கு. எறங்குங்க” என்பார்.

நானும் அதை நம்பி இறங்கியவள்தான். முதல் படியில் கால் போய்விட்டது. இரண்டாம் படியில் இடுப்பு போய்விட்டது. என் சாட்சியாக நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த வசனம் முழுவதும் ‘ஆ’ என்ற ஒரே எழுத்தில் வெளியே வந்தது. கரையில் நின்ற மாமா கண்ணை மூடி, “ஆமென், ஆமென்” என்று சைரனைச் சுற்றினார். அன்றைக்கு எனக்கு வந்த சளி என் உயர்தரப் பரீட்சை வரைக்கும் கூடவே வந்தது. பரீட்சையில் நான் பாஸ். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படி ஏறிய முதல் ஆள் நான். இதை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை; நான் எழுதாவிட்டால் என் அம்மா பத்திரிகைக்கு ஆள் அனுப்பிச் சொல்லிவிடுவார் என்பதால் எழுதுகிறேன்.

சைரனை வைத்துக்கொண்டு மாமா செய்த அட்டகாசங்கள் பல. புதிதாக வந்த பாஸ்டர் ஒருநாள் பாவத்தைப் பற்றி ஆரம்பித்தார். நல்ல இளம் பாஸ்டர், நிறையப் பாவங்கள் தெரிந்தவர். ஆதாமில் தொடங்கி ஆபிரகாமுக்கு வருவதற்குள் வெளியே நீளமாக ‘அபாயம் நீங்கியது’ ஒலித்தது. சனங்கள் எழுந்து பைபிளை மூடிவிட்டார்கள். பாஸ்டர் வாசலுக்கு ஓடினார்.

“என்னங்கையா இது? நான் இன்னும் முடிக்கலியே!”

“நீங்க முடிக்கலீங்க ஐயா. அடுப்புல பருப்பு வெந்து முடிஞ்சிருச்சு. பொம்பளைங்க பாவமில்லையா?”

அதற்குப் பிறகு அந்தப் பாஸ்டர் மணிக்கூட்டைப் பார்த்துப் பிரசங்கம் செய்யவில்லை. ஜன்னல் வழியாக மாமாவின் கையைப் பார்த்தே செய்தார்.

நாட்டில் சண்டை நடந்த காலத்தில், பாதையோரச் சோதனைச் சாவடிக்குப் புதிதாக வந்த ராணுவப் பையன்கள் ஒரு ஞாயிறு காலையில் சைரன் கேட்டுத் தேயிலைச் செடிகளுக்குள் படுத்துவிட்டார்கள் என்று அம்மா சொல்வார். அட்டைகளுக்கு நல்ல விருந்து. கால் முழுக்க ரத்தத்தோடு ஓர் அதிகாரி மேலே ஏறி வந்து, “மே மொகக்த?”, இது என்ன என்று சிங்களத்தில் கத்தியிருக்கிறார். மாமா தொப்பியைக் கழற்றி, “பல்லியட்ட என்ன கியனவா, மஹத்தயா” என்றாராம். கோயிலுக்கு வரச் சொல்லுது, ஐயா. அதிகாரி சைரனைப் பார்த்தார், கோயிலைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். கடைசியில் சுண்ணாம்பு கேட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் மாமா சாவடிக்குப் போய், ‘நாளைக்கும் சுத்துவேன்’ என்று அறிவித்து, அங்கேயே பால் இல்லாத ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வருவார். சாவடியை எடுத்த பிறகும் சில சனிக்கிழமை போயிருக்கிறார், பழக்க தோஷத்தில்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு ஆபத்து வந்தது, அதுவும் எந்தச் சைரனும் ஒலிக்காமல்.

சபையின் ஆண்டு விழா நெருங்கியது. படித்த பிள்ளை என்பதால் விழா மலரில் சபையின் சரித்திரத்தை நான் எழுத வேண்டும் என்று முடிவாயிற்று. அதே கூட்டத்தில், ஹட்டனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் சபை நிர்வாகத்தைப் பார்க்கும் எங்கள் மூத்த டீக்கன் எழுந்தார். அவர் பேசினால் எதிலும் ஒரு சீமெந்து வாசம் அடிக்கும்.

“கோயிலுக்குள்ளயே டைல்ஸ் போட்டு ஒரு தொட்டி கட்டுவோம். ஹீட்டரும் பூட்டுவோம். குழிய மூடிட்டு அதுக்கு மேல ஹால் எழுப்பலாம். போன தடவ ஞானஸ்நானம் எடுத்த பிள்ளைக்கு நியுமோனியா வந்து ஆஸ்பத்திரியில கெடந்துச்சு. அடுத்த தடவ யாராவது செத்தா யாருங்க பதில் சொல்றது?”

எல்லோரும் மாமாவைப் பார்த்தோம். அவர் கடைசி வாங்குப் பலகையில் இருந்து எழுந்தார். முன்பலகையை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அப்படி நான் அவரைப் பார்த்ததில்லை.

“எங்கப்பா கையால தோண்டுன குழிங்க அது. அவரு வச்ச கல்லு. அவரு ஞாபகமா ஒரு போட்டோ கூட எங்கிட்ட இல்ல. அந்தக் குழி மட்டுந்தான் இருக்கு. அத மூடாதீங்க.”

வயதானவர்கள் ‘ச்சொ’ என்றார்கள். இளசுகள் தரையைப் பார்த்தார்கள். ஓட்டெடுப்பு அடுத்த மாதக் கூட்டத்தில் என்று பாஸ்டர் அறிவித்தார். பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. “எங்க சபையில முழுகி ஞானஸ்நானம் எடுத்தவங்க மட்டுந்தான் கை தூக்கலாம்” என்று வழக்கமான விதியையும் நினைவூட்டினார்.

மாமா அப்போதும் உட்காரவில்லை.

“அப்படீன்னா என்னால தூக்க முடியாதுங்களே.”

“ஏன்?”

“நான் இன்னும் எறங்கலீங்க.”

டீக்கனின் வாய் திறந்தபடி நின்றது. என் அம்மாதான் முதலில் பேசினார்.

“என்னண்ணே சொல்றீங்க? எங்க எல்லாரையும் ‘எறங்கு எறங்கு’ன்னு தள்ளிவிட்டீங்களே!”

“நான் எறங்குனா யாரும்மா சைரன் சுத்துறது?”

அவ்வளவுதான் காரணம். அவர் முழுகும் வயதுக்கு வருமுன்பே அவருடைய அப்பா போய்விட்டார்; பிறகு சைரன் சுற்ற வேறு ஆள் இல்லை. சைரன் ஒலிக்காமல் தண்ணீரில் இருந்து எழுந்தால் அது ஞானஸ்நானமே இல்லை என்பது அவர் எண்ணம். அதனால் ஊரையெல்லாம் அனுப்பிவிட்டு அவர் கரையிலேயே நின்றுவிட்டார்.

மறுநாள் அவர் பாஸ்டரிடம் போய் ஞானஸ்நானம் கேட்டார். நானும் சரித்திரத்துக்குத் தகவல் கேட்க அங்கே போயிருந்தேன். பாஸ்டர் தயங்கினார்.

“ஓட்டுக்காக ஞானஸ்நானம் குடுக்க முடியாதுங்கையா. மனசு வேணும்.”

“ஓட்டு கெடக்குதுங்க ஐயா. சின்ன வயசுல இருந்து கரையில நின்னு பாத்துக்கிட்டே இருக்கேன். எல்லாரும் எந்திரிக்கிறப்ப மூஞ்சி எப்படி இருக்கும் தெரியுமா? எனக்கும் ஒரு நாளாவது எந்திரிக்கணும்னு ஆசை இருக்காதா?”

பாஸ்டர் மூக்கைச் சிந்திக்கொண்டு சம்மதித்தார்.

“சைரன் யாரு சுத்துறது?” என்றேன் நான். மாமா என்னைப் பார்த்தார். “நீதான் படிச்ச புள்ளயாச்சே” என்றார். அந்த யந்திரத்துக்கும் என் பட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பட்டத்தைப் பற்றி யார் நல்லதாகச் சொன்னாலும் நான் மறுப்பதில்லை. ஒரு வாரம் எனக்குப் பயிற்சி கொடுத்தார். “ஒரே சீரா, புள்ள. அவசரப்படாத. தொட்டில் ஆட்டுற மாதிரி.” பயிற்சியில் கைப்பிடியைச் சத்தம் வராமல் மெதுவாகவே சுற்ற விட்டார், ஊர் ஓடி வந்துவிடும் என்பதால்.

அந்த ஞாயிறு வட்டவளைக்கே உரிய மழை, பனி. முழுச் சபையும் குடைக்குக் கீழே நின்றது. மாமா வெள்ளைச் சட்டை போட்டு, எண்ணெய் வைத்துத் தலை வாரி, மாப்பிள்ளை மாதிரி வந்தார். பழக்கத்தில் குடை நுனியை விட்டுப் பார்த்து, “நல்ல சூடாத்தான்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முதல் படியில் கால் வைத்தார்.

அவர் முகம் மாறியதை எல்லோரும் பார்த்தோம். சபை முழுவதும் ஒரு நீண்ட காலம் இந்த நிமிடத்துக்காகக் காத்திருந்தது என்று தோன்றியது.

பாஸ்டர் அவரைத் தாங்கிப் பிடித்து முழுக்கினார். நான் கைப்பிடியைப் பிடித்தேன். மாமா எழுந்தார். தண்ணீர் வழிய, வாய் பிளந்து, கண் விரிந்து. ஒரே சீராகத்தான் சுற்ற ஆரம்பித்தேன். ஈரக் கை வழுக்கிவிட்டது. பிடித்தேன், மறுபடி வழுக்கியது. சைரன் ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, ஓநாயாக ஊளையிட்டது.

அபாய எச்சரிக்கை.

மாமா யோசிக்கவே இல்லை. ரெண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு சடாரென்று மறுபடி தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டார். சிறு வயதில் அப்பா பழக்கிய பழக்கம், உடம்பு மறக்கவில்லை. அவர் கையைப் பிடித்திருந்த பாஸ்டரும் கூடவே போய்விட்டார். உலகப் போருக்காகத் தோண்டிய அந்தப் பதுங்குகுழி, அத்தனை காலம் காத்திருந்து, அன்றைக்குத்தான் தன் வேலையைச் செய்தது.

டீக்கன் குடையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் இருவரையும் மேலே இழுத்தார். மாமாவின் பல் தந்தியடித்தது. உதடு நாவல்பழம்.

“இ... இவ்வளவு குளிரா? ஏன் எங்கிட்ட ஒருத்தரும் சொல்லல?”

“கத்துனோமே அண்ணே! ஒவ்வொருத்தரும் கத்துனோமே!” என்றார் அம்மா.

“பரிசுத்த ஆவியில நெறஞ்சு கத்துறீங்கன்னுல்ல நெனச்சேன்!”

சிரித்துச் சிரித்து நாங்கள் அழுதோம். அந்தக் கலவரத்தில் ஒருவழியாக நான் ‘அபாயம் நீங்கியது’ சுற்றி முடித்தேன். மாமா உடனே அதைக் கேட்டு, நடுங்கிக்கொண்டே, முகத்தை மேலே தூக்கினார். கரையில் நின்று மற்றவர்கள் முகத்தில் அவர் பார்த்தது என்ன என்று அப்போது எங்களுக்கும் தெரிந்தது.

இரண்டாவது முழுக்கு செல்லுமா, செல்லாதா என்று டீக்கன்கள் இன்றைக்கும் விவாதிக்கிறார்கள். பாஸ்டருக்கும் அது இரண்டாவது ஞானஸ்நானம் ஆகிவிட்டதே என்பது தனிச் சிக்கல்.

ஓட்டெடுப்புக் கூட்டத்துக்கு மாமா கம்பளிக் குல்லா, மஃப்ளர், ரெண்டு சுவெட்டர் சகிதம் வந்தார். “குழிய மூடித் தொட்டி கட்ட விரும்புறவங்க கை தூக்குங்க” என்றார் பாஸ்டர். பாதிக் கைகள் எழுந்தன. வயதானவர்கள் எல்லோரும் மாமாவையே பார்த்துக்கொண்டு கையை மடியில் வைத்திருந்தார்கள், அவர் பக்கம் நிற்பதற்காக.

மாமாவின் கை மெதுவாக மேலே போனது.

“அண்ணே, இது மூடுறதுக்கு” என்று அம்மா காதில் சொன்னார்.

“தெரியும்மா.” எழுந்து நின்றார். “எங்கப்பா அதத் தோண்டுனது ஆளுங்க உசுரு பொழைக்கத்தாங்க. அதுல எறங்குனா ஆளு செத்துப் போயிருவாங்க. அவரு இருந்திருந்தா அவரே மூடியிருப்பாரு. ஹீட்டர் நல்லதாப் பாத்து வாங்குங்க.”

அதற்குப் பிறகு வயதானவர்களின் கைகளும் ஒவ்வொன்றாக எழுந்தன. குழியில் முதல் கூடை மண்ணை மாமாதான் கொட்டினார். டீக்கன் அதற்கு முன்பே மாமாவின் அப்பா வைத்த கற்களைப் பெயர்த்து எடுக்க வைத்து, புதுத் தொட்டிக்குப் படியாகப் போட்டுக் கொடுத்தார். டைல்ஸுக்கு நடுவில் அந்தக் கறுத்த கற்கள் பொருந்தவே இல்லை.

ஹீட்டர் மாதத்தில் பாதி நாள் வேலை செய்யாது. மாமா இப்போதெல்லாம் குடை நுனியை விடுவதில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு முழங்கை வரைக்கும் விட்டுப் பார்த்து, “இன்னிக்கு வேணாங்க ஐயா, அடுத்த வாரம் பாப்போம்” என்று ஞானஸ்நானத்தையே தள்ளிப் போட்டுவிடுகிறார். சரித்திரத்தை நான் எழுதிக் கொடுத்தேன். வட்டவளையில் ஏன் இறங்கினார்கள் என்ற இடத்தில், மாமாவுக்காக, வெளிச்சம் தெரிந்தது என்றே போட்டேன்.

நான் இப்போது வேலை செய்வது கொழும்பில். துறைமுகத்துக்கு அதிகத் தூரமில்லாத இடத்தில்தான் வாடகை அறை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்காவது ஆம்புலன்ஸ் அலறினால் மற்றவர்கள் வழி விட்டு ஒதுங்குகிறார்கள். நான் எழுந்து செருப்பைத் தேடுகிறேன். பிறகு, ஏறி இறங்கும் அந்த ஓசை நின்று, நீளமாக ஒரே சுரத்தில் ஒன்று வருமா என்று கொஞ்ச நேரம் காத்திருக்கிறேன். இங்கே அது வராது. அதை ஒருவர் ரயிலில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மலையில் அவருடைய மகனிடம் பத்திரமாக இருக்கிறது.